இரண்டு நாடுகளில் என் மகளுக்கு ஒரு தாய்

என் மகளுக்கு இன்னொரு தாய் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கத்தரிக்காய் வதக்கிக்கொண்டு நின்றபோது. ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கையில் அகப்பை. தொலைபேசியில் அதைக் கேட்டபிறகு சட்டியை அப்படியே மறந்துவிட்டேன். புகை எழும்பித்தான் என் மனுசன் கதிரையை விட்டு எழும்பி வந்தார். அடுப்பை அணைத்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இப்ப எது எரிஞ்சது?” என்று கேட்டார்.

அவருக்கு இப்படியான நேரங்களில்தான் பகிடி வரும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் சுவிஸில், வின்டர்தூரில் இருக்கிறோம். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை, பத்தொன்பது வருடமாக. அங்கே கழுவுவதையும் மடிப்பதையும்விட முக்கியமான வேலை பெயர் ஒட்டுவது. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அவருடைய உடுப்பு முழுவதும் முதலில் எங்களிடம் வரும். சின்ன வெள்ளைத் துணிப்பட்டியில் பெயரை அச்சடித்து, கழுத்தின் உட்பக்கத்தில் வைத்து, சூடான அழுத்தியைப் பன்னிரண்டு விநாடி இறக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு நூறு தரம் கழுவினாலும் அந்தப் பெயர் போகாது. பெயர் இல்லாத உடுப்பு அங்கே யாருடையதும் இல்லை. கொஞ்சநாள் ஒரு பெட்டிக்குள் கிடக்கும், பிறகு கந்தலுக்குப் போகும்.

எனக்கு ஒரே மகள். இருபத்து நான்கு வயது. பிரசவம் பார்க்கும் படிப்பைப் படித்து முடித்தாள். முடித்த கையோடு இங்கே நல்ல வேலை எடுப்பாள் என்று நான் நினைத்திருக்க, ஆறு மாதம் கென்யாவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். கென்யாவின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம் போனால் உகண்டா எல்லை. கிராமத்தில் இரண்டு அறையுள்ள ஒரு சுகாதார நிலையம், அதில் ஒரு தாதி. அவளுக்கு உதவியாக என் மகள்.

“ஏன், வின்டர்தூரில பிள்ளை பெறுறவை இல்லையோ?” என்று கேட்டேன்.

“இருக்கினம் அம்மா. இஞ்ச அவைக்கு உதவி செய்ய ஆக்களும் இருக்கினம்,” என்றாள்.

போகட்டும் என்று விட்டேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அவள் கொண்டுபோகும் உடுப்பெல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய், மதிய இடைவேளையில் ஒவ்வொன்றிலும் அவளுடைய பெயரை அழுத்தினேன். முப்பத்தொரு உருப்படி. பரீட்சை பாஸ் பண்ணினதற்கு நான் வாங்கிக்கொடுத்த கருநீலச் சுவெட்டரிலும் அழுத்தினேன். அவள் அதைக் கண்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“அம்மா, நான் பள்ளிக்கூட லாகருக்குப் போகேல்ல.” பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முகாமைத்தான் சொன்னாள்.

“போற இடத்தில மாறுப்பட்டால்?”

“அங்க ஆரின்ர உடுப்போட மாறுப்படப் போகுது?”

அவள் எங்கே போனாலும் என்னுடையவள் என்பதற்கு ஏதோவொன்று கூடப் போகவேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியுமோ?

அந்தக் கிராமத்தை நான் பார்த்ததெல்லாம் உள்ளங்கை அளவு திரையில்தான். சிவப்பு மண். தகரக் கூரை. வேலிக்கு அந்தப் பக்கம் மரவள்ளி. நாய் குரைக்காமல் ஒரு தரமும் கதைத்து முடித்ததில்லை. மகள் தங்கியிருந்த வீடு ஒரு கைம்பெண்ணுடையது. என்னைவிட மூன்று நான்கு வயது குறைவாக இருக்கும். பிள்ளைகள் இல்லை. இருந்த இரண்டு அறையில் நல்லதை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் மற்றதில் படுத்தாள். அவளுடைய தொழில் மீன் வியாபாரம். நெத்தலி போலச் சின்ன மீன், ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்தது. அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிழமையில் இரண்டு நாள் எல்லை தாண்டிப்போய் உகண்டாப் பக்கச் சந்தையில் விற்றுவிட்டு வருவாள். எல்லை தாண்டுவது அந்த ஊர்ச் சனத்துக்கு எங்களுக்குக் கடைத்தெருவுக்குப் போவது மாதிரி.

முதல் மாதம் எனக்கு அவள்மேல் நன்றிதான். பொய் சொல்லவில்லை. என் பிள்ளையை வைத்துப் பார்க்கிறாளே என்று சாமிப்படத்துக்கு முன்னால் அவளுக்காகவும் ஒரு தரம் கும்பிட்டேன்.

அதைக் குழப்பியது மீன்தான். நான் வீட்டில் கருவாடு பொரித்தால் என் மகள் எல்லா யன்னலையும் திறந்துவிடுவாள். நடுங்கும் பனியிலும் திறப்பாள். வாசனை மெழுகுதிரி கொளுத்துவாள். சிநேகிதிகள் வருகிற நாளென்றால் இரண்டு நாளைக்கு முதலே எனக்கு உத்தரவு வந்துவிடும். பஸ்ஸில் தன் ஜாக்கெட் மணக்கிறது என்று ஒருமுறை அழுதும் இருக்கிறாள். அவளுக்காகவே கருவாட்டை வீட்டில் நிறுத்தினேன். பன்னிரண்டு வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையைத் திறந்தால், அதே மகள் பாயில் சம்மணம் போட்டு இருந்து காய்ந்த மீனைக் கையால் அளைந்து சின்னன் பெரிசாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அந்தப் பெண். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

“மணக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“மணக்கும்தான். பழகியிட்டுது அம்மா,” என்றாள்.

என் வீட்டில் இருபத்து நான்கு வருடத்தில் பழகாதது அங்கே ஐந்து கிழமையில் பழகிவிட்டது.

அடுத்தது தலைமுடி. மகளுக்குச் சின்ன வயதில் இடுப்பு வரைக்கும் முடி. காலையில் நான் பின்னிவிட்டால்தான் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயதில் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்தாள். அன்றோடு என் கையைத் தலையில் படவிடமாட்டாள். எண்ணெய்ப் போத்தலோடு போனால் கதவைச் சாத்துவாள். இப்போது திரையில் பார்க்கிறேன், அந்தப் பெண் ஒரு முக்காலியில் இருக்கிறாள், இவள் கீழே அவளுடைய முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிறாள். மண்டையோடு ஒட்டிச் சின்னச் சின்னப் பின்னலாக, வரிசை வரிசையாக, மூன்று மணித்தியாலமாகப் பின்னிக்கொண்டிருக்கிறாளாம். மூன்று மணித்தியாலம் அசையாமல் இருக்கிறாள் என் மகள். எனக்கு மூன்று நிமிடம் தந்ததில்லை.

“வடிவாயிருக்கோ அம்மா?”

“இழுத்துக் கட்டினால் முடி கொட்டும்,” என்று சொல்லிவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

“பிள்ளை சந்தோஷமா இருக்கிறாள். உமக்கு அதில என்ன வில்லங்கம்?” என்றார் மனுசன். அவருக்குச் சொன்னாலும் விளங்காது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கத்தரிக்காய் நாள். மகள் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவன் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டான். அவன் கூப்பிட்டதில் என் மகளின் பெயர் கேட்டது. ஆனால் மகள் திரும்பவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்தான் பதில் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அவன் உன்னையெல்லோ கூப்பிட்டவன்?”

“இல்லை அம்மா, அவவை. மமா எண்டு சொல்லிப்போட்டு என்ர பேரைச் சொன்னவன். மமா எண்டால் அம்மா. இஞ்ச இது நோர்மால். மூத்த பிள்ளையின்ர பேரைச் சொல்லித்தான் தாய்மாரைக் கூப்பிடுவினம். அவவுக்குப் பிள்ளை இல்லாததால முந்தி மீன்காரி எண்டுதான் கூப்பிட்டவையாம். முப்பது வருஷமா. நான் வந்தாப்பிறகு மாத்தியிட்டினம்.”

இன்னும் கேளுங்கள். சந்தைக்குப் போகும்போது விடியக் குளிருக்கு மகள் தன் கருநீலச் சுவெட்டரை அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் உகண்டாப் பக்கத்தில் நின்று, கழுத்தை வெளியே புரட்டி, நான் அழுத்திய பெயரை மற்ற வியாபாரப் பெண்களுக்குக் காட்டியிருக்கிறாள். இதுதான் என் மகளின் பெயர், எழுதியே இருக்கிறது பாருங்கள் என்று. அதோடு அந்தப் பக்கச் சந்தையிலும் அவளை அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். ஒரு நாடு காணாதென்று இரண்டு நாட்டில் அவள் என் மகளுக்குத் தாய். அதற்கு அத்தாட்சி என் கையால் அடித்த லேபல்.

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடுமாறியது. “அது என்ர பேர்,” என்றேன்.

மகள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். “உங்களுக்குத்தான் அது பிடிக்காதே அம்மா. சின்னனிலயிருந்து கேட்டுக்கொண்டு வாறன்.”

அவள் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிந்தது. கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் பிறந்தநாள் வீடுகளிலும் இருபத்து நான்கு வருடமாக நான் இன்னாருடைய அம்மா. வேலையிடத்தில் என் மனுசனின் பெயருக்கு முன்னால் திருமதி என்பதற்கு ‘ஃப்ராவ்’ போட்டு அழைப்பார்கள். மனுசனோ இஞ்சேரும் என்பதோடு சரி. எனக்கென்று என் அப்பா யோசித்து வைத்த பெயரை இந்த நாட்டில் சொல்லிக் கூப்பிட்டது விசாக் கந்தோரில் மட்டும்தான் என்று எத்தனை தரம் வீட்டில் புறுபுறுத்திருப்பேன். மகள் அதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்டு வளர்ந்தவள். அம்மாவுக்கு வேண்டாத ஒன்றைத்தானே இன்னொருத்திக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு வேண்டாமென்று நானும்தான் நினைத்திருந்தேன். இன்னொருத்தி எடுத்துப் போட்டுக்கொண்டபிறகுதான் அது எனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது.

ஒரு கிழமை கழித்து என் தொலைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. திறந்தேன். கோழிச் சத்தம், பிறகு அந்தப் பெண்ணின் குரல். எடுத்த எடுப்பில் ‘மமா’ என்று சொல்லி என் மகளின் பெயரைச் சொன்னாள். தன்னை அப்படி அறிமுகப்படுத்துகிறாள், என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்து அதோடு நிறுத்திவிட்டேன். பிறகும் மூன்று செய்தி வந்தது. ஒன்றையும் திறக்கவில்லை. மகள் கேட்டால், கேட்டேன், சுகம் விசாரிக்கிறா போல என்றேன். “பதில் போடுங்கோ அம்மா, பாவம்,” என்றாள். பார்ப்போம் என்றேன்.

ஆறு மாதம் முடிந்து மகள் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்தபோது அவளில் மீன் மணத்தது. பெட்டியைத் திறந்து உடுப்பு எடுத்தபோது மேலேயே கருநீலச் சுவெட்டர் இருந்தது. கழுவி, கரி இஸ்திரியால் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்திருந்தது. கழுத்தைப் புரட்டிப் பார்த்தேன், பெயர் அப்படியே. என் பிள்ளையின் சாமான் என்னிடம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குள் ஒரு சின்னத் துள்ளல். அதை எடுத்துக்கொண்டுபோய் என்னுடைய அலுமாரியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் தானாக வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். “அம்மா, இந்தப் பின்னலைக் கழட்டிவிடுறியளோ? என்னால பின்னுக்குக் கழட்ட ஏலாது.”

எனக்கு வேறென்ன வேண்டும். வால்சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நின்றேன். அந்தப் பெண் பின்னியதை நான் ஒவ்வொன்றாகக் குலைத்தேன். அந்த நேரம் எனக்கு இருந்த திருப்தியை மறைத்து எழுதினால் இதை எழுதிப் பிரயோசனமில்லை. மனுசன் எதிரில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு விஷயம் விளங்கேல்ல அம்மா,” என்றாள் மகள். “கடைசி ரெண்டு கிழமையும் ஒருத்தரும் அவவை என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடேல்ல. திரும்ப மீன்காரி ஆக்கிப்போட்டினம். கேட்டால், தான்தான் அப்பிடிக் கூப்பிட வேண்டாமெண்டு சொன்னதெண்டா. ஏனெண்டு சொல்லேல்ல. சுவெட்டரையும் வச்சிருங்கோ எண்டன், வேண்டவே வேண்டாமெண்டு பெட்டிக்குள்ள வச்சவ.”

என் கை நின்றது. மகள் மேசையில் கிடந்த என் தொலைபேசியை எடுத்தாள். எதற்கு எடுத்தாளோ, விரல் அந்தக் குரல் செய்திகளில் போய் நின்றுவிட்டது. “அம்மா, முதலாவதைத் தவிர நீங்கள் ஒண்டையும் திறக்கவேயில்லை,” என்றாள். அவள் தலை என் கையில் இருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

ஒவ்வொன்றாகப் போட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். முதலாவதில் அந்தப் பெண் தன்னை அறிமுகப்படுத்தவில்லை. என்னைத்தான் அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறாள். “சுகமா இருக்கிறியளோ, உங்கட பிள்ளை நல்லாச் சாப்பிடுறா, யோசிக்க வேண்டாம்” என்று.

இரண்டாவதை மகள் இரண்டு தரம் போட்டாள். “ஒண்டு கேக்கவேணும் உங்களிட்ட. இஞ்ச சனம் என்னை உங்கட பேரால கூப்பிடுது. நானாக் கேக்கேல்ல. ஆனால் அப்பிடிக் கூப்பிட நல்லாயிருக்கு. அது உங்கட பேர். நீங்கள் ஓம் எண்டால் வச்சிருப்பன்.”

மூன்றாவது சின்னது. மழை பலமாம், நெட்வேர்க் இல்லைப்போல, என் பதில் வந்து சேரவில்லையாம்.

நான்காவதை மகள் மெதுவாகச் சொன்னாள். “விளங்குது. எனக்கும் ஒரு பிள்ளை இருந்திருந்தால் நானும் குடுத்திருக்கமாட்டன். சனத்திட்டச் சொல்லியிட்டன். பேர் போட்ட உடுப்பையும் அனுப்பிவிடுறன். பிள்ளை சுகமா வந்து சேரட்டும்.”

மனுசன் கோப்பையை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பகிடி வரவில்லை. மகளும் ஒன்றும் கேட்கவில்லை. ஏனம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். மீதிப் பின்னலைக் குலைத்து முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. முப்பது வருடம் மீன்காரியாக இருந்தவளுக்கு ஐந்து மாதம் ஒரு பெயர் கிடைத்தது. நான் வாயைத் திறக்காமலே அதைப் பறித்துவிட்டேன்.

“ஃபோனைத் தா,” என்றேன்.

மைக்கை அழுத்திப் பிடித்து மூன்று தரம் ஒன்றும் சொல்லாமல் விட்டேன். நான்காவது தரம் ‘மமா’ என்று தொடங்கி என் மகளின் பெயரைச் சொன்னேன்.

“நான் இஞ்ச இருந்து கதைக்கிறன். பிந்திப்போச்சு, குறை நினைக்காதையுங்கோ. ஓம். அந்தப் பேரை வச்சிருங்கோ. சுவெட்டரை அனுப்பிவிடுறன்.” பிறகும் மைக்கிலிருந்து விரலை எடுக்காமல், “ஆனால் நீங்கள் தலை பின்னினது எனக்குப் பிடிக்கேல்ல,” என்றேன்.

மகள் தன் குரலில் அவர்களுடைய பாஷையில் சொல்லத் தொடங்கி, இடையில் என்னைப் பார்த்தாள். “கடைசியில சொன்னதையும் சொல்லவோ?”

“ஓம், சொல்லு.”

அடுத்தநாள் சுவெட்டரை வேலைக்குக் கொண்டுபோனேன். மெஷினில் புதுப் பட்டி ஒன்று அடித்தேன். முதலில் மமா, பிறகு என் மகளின் பெயர். எந்த அறை என்று மேற்பார்வை பார்க்கிறவள் கேட்டாள், எங்கள் பட்டியில் அறை எண்ணும் இருக்கவேண்டும். இவ இந்தக் கட்டடத்தில் இல்லை என்றேன். மகளின் பெயருக்குக் கீழே அதை வைத்து அழுத்தியை இறக்கினேன்.

அந்த நேரம் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஒரு கையால் அழுத்தியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் செய்தியைத் திறந்தேன். சந்தைச் சத்தம். லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. அவள் ஏதோ வேகமாகச் சொன்னாள், சிரித்தாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்போது அவளுக்குப் பின்னால் தூரத்திலிருந்து யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள், மமா என்று, அதோடு என் மகளின் பெயரைச் சேர்த்து. அவள் அங்கே திரும்பிப் பதில் குரல் கொடுத்தாள்.

இங்கே நானும் “ஓம்” என்றேன்.

பக்கத்தில் துவாய் மடித்துக்கொண்டு நின்றவள் நிமிர்ந்து, யாரைக் கூப்பிட்டது என்று கேட்டாள்.

“எங்களைத்தான்,” என்றேன்.